'எழுந்து பேசு' என்று சொல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். பள்ளியோ கல்லூரியோ, எந்தப் பாடமோ, அதெல்லாம் இருக்கட்டும். மாணவர்களை ஒவ்வொருவராக எழுப்பிப் பேச வைக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். பேச வைப்பதை நிறுத்துங்கள் என்று கேட்க வரவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சமூகப் பதற்றம் (நாலு பேர் முன்னால் பேசவும் பழகவும் வரும் கடும் பயம்) என்று ஆரம்பித்தாலே "சரி, இனி இவர்களை ஒன்றும் கேட்கவே கூடாது என்கிறார் போல" என்று பாதிப்பேர் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். நான் கேட்கப்போவது கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிரானது.

பாடப் புத்தகத்தை ஆளுக்கு ஒரு பத்தியாக வாசிக்க வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வரிசையில் ஒரு பெண். முதல் வரிசையில் இருப்பவரை நீங்கள் "ஆரம்பி" என்று சொன்ன கணத்திலேயே அவள் எண்ணத் தொடங்கிவிட்டாள்: எனக்கு முன்னால் எத்தனை பேர், அப்படியென்றால் என் பத்தி எது, அதில் வாயில் நுழையாத சொல் எது. அந்தச் சொல்லை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். நடுவில் ஒருவருக்கு நீங்கள் இரண்டு பத்தி கொடுத்துவிடுகிறீர்கள், கணக்கு தப்பிவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து. அதற்குள் நெஞ்சு அடிப்பது காதிலேயே கேட்கிறது, உள்ளங்கை வியர்த்துப் புத்தகத்தின் ஓரம் ஈரமாகிறது, வெளியே போய்விட்டு வரலாமா என்று கேட்கலாம்தான், ஆனால் அதைக் கேட்கவும் வாயைத் திறக்க வேண்டுமே. முறை வருகிறது. வாசிக்கிறாள். பெரும்பாலும் தப்பில்லாமல்தான் வாசிக்கிறாள், கொஞ்சம் அவசரமாக, சின்னக் குரலில். நீங்கள் "சத்தமா" என்கிறீர்கள். உங்களுக்கு அத்தோடு முடிந்தது. அவளுக்கு அந்த ஒரு "சத்தமா" ராத்திரி தூங்கும் வரை ஓடும். அந்தப் பாடத்தில் என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஒரு வரி தெரியாது.

நானும் அந்த வரிசையில் இருந்தவன்தான். வளர்ந்து வேலைக்குப் போன பிறகு தெரபிக்குப் போய்த் தேறியவன். அதனால் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் இருக்கிற சபைக் கூச்சம்தானே இது என்று கேட்பீர்கள். மேடை ஏறும்போது கால் உதறாத ஆள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கூச்சம் பழகப் பழகக் குறையும், அதனால் ஒருவரின் படிப்போ நட்போ நின்றுபோவதில்லை. மற்றவர்கள் தன்னை எடைபோடுவார்கள், தான் அசிங்கப்பட்டுப் போவேன் என்ற பயம் மாதக்கணக்கில் நீடித்து, அந்தப் பயத்துக்காகவே ஒருவர் இடங்களையும் ஆட்களையும் தவிர்க்க ஆரம்பித்து, அதனால் வாழ்க்கையே சுருங்கிப்போகிறதென்றால் அது வேறு. 1966-இல் ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் இதை மற்ற பயங்களிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 'சோஷியல் ஃபோபியா' என்று தனி இடம் கிடைத்தது. இப்போது 'சமூகப் பதற்றக் கோளாறு' என்கிறார்கள், பொதுவாக ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. பல நாடுகளில் நடத்திய 28 கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நூற்றுக்கு நான்கு பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இது வந்திருந்தது. அமெரிக்காவில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு பன்னிரண்டு பேர்.

அதே அமெரிக்கக் கணக்கெடுப்பில் உங்களுக்கென்றே இரண்டு எண்கள் இருக்கின்றன. இது தொடங்கும் வயதின் நடுமதிப்பு 13. அதாவது பாதிப்பேருக்கு 13 வயதுக்குள்ளேயே வந்துவிடுகிறது. தொடங்கிய பிறகு முதல்முறை சிகிச்சை தேடிப் போக ஆகும் காலத்தின் நடுமதிப்பு 16 ஆண்டுகள், அதுவும் என்றாவது ஒருநாள் போனவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால். நடுவில் இருக்கும் ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர்கள் எங்கே கழிக்கிறார்கள்? உங்கள் முன்னால் உட்கார்ந்து.

ஏன் இத்தனை காலம்? மருத்துவரிடம் போய்ச் சொல்வதே ஒரு புது ஆளிடம் பேசுவதுதான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்தப் பிள்ளைகளால் யாருக்கும் தொல்லை இல்லை. பெற்றோர் கூட்டத்தில் "ரொம்ப நல்ல பொண்ணு, இருக்கிற இடமே தெரியாது" என்று நீங்கள் சொல்வீர்கள், பெற்றோருக்கும் அதில் பெருமையாக இருக்கும். நோயின் அறிகுறி நன்னடத்தைச் சான்றிதழாக மாறும் இடம் அதுதான்.

சரி, இந்தப் பயம் ஏன் தானாகப் போவதில்லை என்ற கேள்விக்கு வருகிறேன், எல்லாமே இதில்தான் இருக்கிறது. வகுப்பில் தினமும்தானே உட்கார்ந்திருக்கிறாள், நாலு பேரோடுதானே இருக்கிறாள், பழகிப்போயிருக்க வேண்டாமா? டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள், இன்றைக்கும் சிகிச்சை பெருமளவு அதை வைத்துத்தான் நடக்கிறது. பயம் வந்ததும் கவனம் எதிரில் இருப்பவரை விட்டு உள்ளே திரும்பிவிடுகிறது. குரல் எப்படி இருக்கிறது, முகம் சிவக்கிறதா, கை ஆடுகிறதா என்று தன்னைத்தானே கண்காணிக்க ஆரம்பிக்கிறார். உள்ளே எவ்வளவு நடுக்கமாக உணர்கிறாரோ அவ்வளவும் வெளியே தெரிகிறது என்று நம்பி, வெளியிலிருந்து தன்னைப் பார்ப்பது போல ஒரு படம் மனதில் ஓடுகிறது, அது எப்போதும் கோரமான படமாகவே இருக்கும். அந்தப் படம் நிஜமாகிவிடாமல் இருக்கச் சில தற்காப்பு வேலைகள்: சொல்லப்போகும் வாக்கியத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்வது, யார் கண்ணையும் பார்க்காமல் இருப்பது, கையைக் கட்டிக்கொள்வது, முடிந்தவரை சுருக்கமாகப் பேசி உட்கார்ந்துவிடுவது. ஒன்றும் கெட்டது நடக்கவில்லையென்றால், "தலையைக் குனிந்துகொண்டதால் தப்பித்தேன்" என்றே மனம் கணக்கெழுதும், "பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதாது. அப்புறம் வீட்டுக்கு வந்து பிரேதப் பரிசோதனை, அந்த இரண்டு நிமிடத்தை அறுத்து அறுத்துப் பார்ப்பது. ஆக ஆயிரம் தடவை வகுப்பில் பேசினாலும் பழகிக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை, ஏனென்றால் அவர் உண்மையில் ஒருமுறைகூட எதிரில் இருப்பவர்களைப் பார்க்கவே இல்லை.

இதைப் புரிந்துகொண்டால், நான் பார்த்த இரண்டு வகை ஆசிரியர்களும் எங்கே தவறவிடுகிறார்கள் என்பது தெரியும். முதல் வகை கண்டிப்பானவர்: "தண்ணில தள்ளினாத்தான் நீச்சல் வரும்" என்று எழுப்பி நிற்க வைத்து, பதில் வரும்வரை உட்கார விடமாட்டார். வகுப்பே திரும்பிப் பார்க்கும், யாராவது சிரிப்பார்கள். மனதில் ஓடிக்கொண்டிருந்த கோரமான படத்துக்குச் சாட்சியம் கிடைத்துவிடும். இது தவறு என்பதை இப்போது பலரும் ஒப்புக்கொள்கிறார்கள், இதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது வகையைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அவர் நல்லவர். அவர் கவனித்துவிடுகிறார், பாவப்படுகிறார், "பரவாயில்லை, நீ எழுதிக் கொடுத்துடு" என்கிறார். வாசிக்கும்போது அந்தப் பெண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார், குழுவாகச் செய்யும் வேலையில் வரைபடம் போடும் பொறுப்பைக் கொடுத்துவிடுகிறார். எனக்கும் இப்படி ஒருவர் இருந்தார், அவரைக் கையெடுத்துக் கும்பிடும் அளவுக்கு அன்றைக்கு நன்றியோடு இருந்தேன், இன்றும் அவர் மேல் மரியாதை குறையவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்தச் சலுகை பயத்துக்குப் போட்ட தீனி. தவிர்த்தவுடன் கிடைக்கும் நிம்மதி இருக்கிறதே, அதைப்போல இன்னொரு நிம்மதி கிடையாது, அதனாலேயே அடுத்த முறையும் மனம் அதையே கேட்கும். "இவளால் முடியாது" என்று ஆசிரியரும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் அதற்கு அர்த்தம் ஆகிறது. கண்டிப்பானவர் பயத்தை உறுதி செய்கிறார், இரக்கப்படுபவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அது தெரபி அறைகளில் நன்றாகத் தெரிந்த வழி. தெரபி என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஆறுதல் சொல்வார், பழைய கதையைக் கேட்பார், மூச்சை இழுத்து விடச் சொல்வார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சமூகப் பதற்றத்துக்குக் கொடுக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சிபிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள், ரொம்பவும் வேறு மாதிரியானது. ஆய்வுக்கூடம் மாதிரி என்று சொல்லலாம்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தெரபிஸ்ட் முன்பின் தெரியாத ஒருவரை, அங்கேயே வேலை செய்பவர், அறைக்குள் அழைத்துவந்து அவரோடு இரண்டு முறை பேசச் சொன்னார். முதல் முறை நான் வழக்கமாகச் செய்யும் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்: வாக்கியத்தைத் தயார் செய்வது, குரலைக் கவனிப்பது, கையை மறைப்பது. இரண்டாவது முறை அது எதையும் செய்யாமல், அவர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு பதற்றமாக இருந்தது, வெளியே எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் எழுதித் தர வேண்டும். தற்காப்பைக் கைவிட்டால் சரிந்துவிடுவேன் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். நடந்தது தலைகீழ், இரண்டாவது முறை பதற்றமே குறைவு. அதற்குப் பிறகு, இரண்டு பேச்சையும் எடுத்து வைத்திருந்த காணொளியைப் போட்டார்கள். போடுவதற்கு முன்னால் என் கை எவ்வளவு ஆடும் என்பதை நடித்துக் காட்டச் சொன்னார், நானும் நன்றாக ஆட்டிக் காட்டினேன். திரையில் ஆட்டத்தையே காணோம். முதல் காணொளியில் இருந்தவன் கையைக் கட்டிக்கொண்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல், எப்போது முடியும் என்று காத்திருக்கும் ஆளைப்போல உட்கார்ந்திருந்தான். திமிர் பிடித்தவன் என்று என்னைப் பற்றிச் சிலர் சொன்னது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அசிங்கப்படாமல் இருக்க நான் செய்த வேலைகள்தான் ஆட்களைத் தள்ளி நிறுத்தியிருக்கின்றன.

அப்புறம் வெளியே போய்ச் செய்யும் பரிசோதனைகள். பேச்சின் நடுவே வேண்டுமென்றே நிறுத்திச் சில நொடி சும்மா இருப்பது, சந்திப்பில் தெரிந்தே ஒரு சொல்லைத் தப்பாக உச்சரிப்பது, கடையில் பொருளைக் கேட்டுவிட்டு மனம் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டு வருவது. போவதற்கு முன்னால் "என்ன நடக்கும்" என்று எழுத வேண்டும், வந்த பிறகு "என்ன நடந்தது". பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள் (அதுவும் ஒருவகையில் ஏமாற்றம்தான்!). 2000-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பாடகர் ஒருவரின் படம் போட்ட, வெட்கப்பட வைக்கிற டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்குப் போட்டு மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள், கவனித்தது கால்வாசிப் பேர்தான். இது பதற்றக் கோளாறு இருப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வு இல்லை, சாதாரண மாணவர்கள். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற நினைப்பு எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு, சிலருக்கு அது மூச்சுமுட்டும் அளவுக்குப் போய்விடுகிறது.

இது வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. 2014-இல், சிகிச்சைகளைச் சோதித்த 101 ஆய்வுகளைச் சேர்த்துச் செய்த ஒப்பீட்டில், தனி ஆளாகச் செய்யும் சிபிடிதான் பலன் அதிகம் கொடுத்தவற்றில் முன்னால் நின்றது. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியும் பெரியவர்களுக்கு முதலில் அதையே பரிந்துரைக்கிறது, மேலே சொன்ன கிளார்க்கின் முறை என்றால் ஒன்றரை மணி நேரம் வீதம் 14 அமர்வுகள், சுமார் நான்கு மாதம். ஆயுசு முழுக்க சோபாவில் படுத்துப் பேசும் சமாச்சாரம் இல்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளும் பெரியவர்களுக்குப் பலன் தருகின்றன, மருத்துவர் சொன்னால் தயங்க வேண்டியதில்லை. சிறுவர்களுக்கு வழக்கமாக மாத்திரை கொடுக்க வேண்டாம், சிபிடியே முதலில் என்பது அதே வழிகாட்டியின் நிலைப்பாடு, அது 8 முதல் 12 அமர்வுகளில் முடியும். எல்லோருக்கும் முழுசாகக் குணமாகும் என்று சொல்ல மாட்டேன். எனக்கே கூட்டத்தில் பேசும் முன் இன்றும் உள்ளங்கை வியர்க்கும், வியர்க்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

நீங்கள் தெரபிஸ்ட் ஆக வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியரால் முடியாத காரியம் என்றும் இல்லை. அமெரிக்காவில் சில உயர்நிலைப் பள்ளிகளில் இதற்கென்று ஒரு குழுப் பயிற்சி வைத்திருக்கிறார்கள், பள்ளியிலேயே நடப்பது. 2016-இல் வெளியான ஆய்வில் பயிற்சி பெற்ற பள்ளி ஆலோசகர்கள் நடத்தியபோதும் உளவியலாளர்கள் நடத்தியதற்கு ஈடான பலன் கிடைத்தது. உங்கள் நிர்வாகத்திடம் கேட்பதற்கு இது ஒரு நல்ல ஆதாரம்.

அதுவரை வகுப்புக்குள் செய்யக்கூடியது: படிகளாகப் பிரியுங்கள். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்லட்டும், பிறகு நான்கு பேர் கொண்ட குழுவில், பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே வகுப்புக்கு, பிறகு முன்னால் வந்து. எந்தப் படி, எப்போது என்பதைத் தனியாகக் கூப்பிட்டு அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள், வகுப்பின் நடுவே "நீ ஏன் பேசவே மாட்டேங்கிற" என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டாம். ஒவ்வொரு படியையும் ஒருமுறை செய்தால் போதாது, சலித்துப்போகும் வரை செய்ய வேண்டும். பேசும் முன் "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள், முடிந்ததும் "அப்படி ஆச்சா?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்குள் தெரபியின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள், பாதியில் அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்க வேண்டாம். முகம் சிவப்பதையோ குரல் நடுங்குவதையோ பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், அக்கறையாகக்கூட வேண்டாம். முக்கியமாக, முதல்முறை பேசியதும் "பாருங்க, இன்னைக்கு இவளே பேசிட்டா! எல்லாரும் கைதட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. நல்ல மனசோடுதான் செய்வீர்கள், அவளுக்கு அது மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும் அதே கெட்ட கனவுதான். அவள் சொன்ன பதிலைப் பற்றிப் பேசுங்கள், சரியா தவறா, மேலே என்ன யோசிக்கலாம் என்று. பேசினாள் என்பதே செய்தியாகிவிடக் கூடாது.

அந்த வகுப்பில் உண்மையிலேயே யாராவது சிரிக்கிறார்கள், பட்டப்பெயர் வைக்கிறார்கள் என்றால் மேலே சொன்ன எதையும் தொடங்க வேண்டாம். முதலில் சிரிப்பை நிறுத்துங்கள். நடப்பதைக் கண்டு பயப்படுவது நோய் ஆகாது.

யாரைக் கவனிக்க வேண்டும் என்றால், அமைதியாக இருப்பவர் எல்லோரையும் இல்லை. சிலருக்குப் பேச ஆசையே இருக்காது, தனியாக இருந்தாலும் சந்தோஷமாக இருப்பார்கள், அவர்களை விட்டுவிடலாம். எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதி வாய்மொழித் தேர்வில் ஒன்றும் சொல்லாதவர், கருத்தரங்கு உரை இருக்கும் நாளில் மட்டும் காய்ச்சல் வந்து வராமல் போகிறவர், சந்தேகத்தை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கேட்கிறவர், அல்லது கேட்க வந்து வாசலோடு திரும்பிப் போகிறவர், இவர்களைப் பாருங்கள். திக்குவாய், ஆட்டிசம், சில இடங்களில் மட்டும் பேச்சே வராமல் போகும் நிலை ஆகியவையும் மேலோட்டமாக இப்படியே தெரியலாம், உதவி வேறு வேறு. அதைப் பிரித்துச் சொல்வது உளவியலாளர் வேலை, நீங்கள் பெயர் வைக்க வேண்டாம். வீட்டுக்குச் சொல்லும்போதும் "உங்க பிள்ளைக்குப் பிரச்சினை இருக்கு" என்று சொல்லாமல், பார்த்ததைச் சொல்லுங்கள்: பதில் தெரிந்தும் சொல்ல முடியாமல் தவிக்கிறான், இதற்குச் சிகிச்சை இருக்கிறது, சில மாதத்தில் முடிந்துவிடும், ஒருமுறை காட்டுங்கள். பள்ளியை விட்டே நின்றுவிடுகிறேன் என்றோ வாழவே பிடிக்கவில்லை என்றோ ஒரு பிள்ளை சொன்னால் படி, குழு எல்லாம் அப்புறம், அன்றைக்கே பெற்றோரையும் மருத்துவரையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த முறை கருத்தரங்குப் பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதி மதிப்பெண்ணைக் கழிக்கும் முன் அந்த மாணவரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த முறை எனக்கு மட்டும் சொல், அடுத்தது நாலு பேருக்கு, அதற்கடுத்தது வகுப்புக்கு, தேதியை நீயே சொல் என்று கேட்டுப் பாருங்கள். தேதி சொல்லக் கொஞ்சம் நேரம் எடுப்பார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்